தேர் முடிந்த புதன்கிழமை

நாளைக்கு வேலையில் சேரப்போகிறீர்கள். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதவியின் பெயரையும் சம்பளத்தையும் ஏற்கெனவே பத்து முறை பார்த்திருப்பீர்கள். கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு தேதி இருக்கும், திட்டம் முடிகிற தேதி. அதை ஒரு முறை சத்தமாகப் படித்துவிட்டு இதைத் தொடருங்கள்.

உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். "ஊக்கமா நாலு வார்த்தை" என்று சொன்னார்கள். என்னிடம் ஊக்கம் அதிகம் கிடையாது, கோபம்தான் நிறைய இருக்கிறது. பேச்சில் வாய் தவறிவிடும் என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பிடிக்காதவர்கள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குடும்பநலத் திட்டங்களில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக நான் வேலை பார்த்தேன். திட்டங்கள் என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். என் வேலை ஒன்றுதான், திட்டங்கள்தான் வந்து வந்து போயின. ஒன்று பதினெட்டு மாதம், ஒன்று ஒரு வருஷம், ஒன்று பதினோரு மாதம். வெளிநாட்டில் ஓர் அறக்கட்டளை ஏழை நாடுகளுக்கென்று நிதி ஒதுக்கும். அது சென்னைக்கு வரும், சென்னையிலிருந்து எங்களுக்கு வரும். எங்களை வந்து சேரும்போது பாதிக் காலம் கடிதப் போக்குவரத்திலேயே கரைந்திருக்கும். ஒரு பெண் பிள்ளை பெறக்கூடிய காலம் முப்பது வருஷம். அதைப் பதினெட்டு மாதத்தில் கவனித்து முடித்துவிட வேண்டும் என்று எந்த மகராசன் கணக்குப் போட்டானோ தெரியாது.

முதல் திட்டத்தில் எங்கள் முக்கிய வேலை ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டால் கர்ப்பம் தரிக்காது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் எங்களிடம் வந்த பெண்கள் அங்கே போகத் தயங்கினார்கள். அங்கே இருக்கும் நர்ஸ் ஊர்க்காரர், மாமியாருக்குத் தெரிந்தவர், ஒரு வார்த்தை வெளியே போனால் வீட்டில் சட்டி பானை பறக்கும் என்று பயம். எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை இருந்தது. கீழே வளையல் கடை. யார் ஏறி வந்தாலும் வளையல் வாங்க வந்தது போலத்தான் இருக்கும்.

தேதி நினைவில் நிற்பதுதான் பெரிய பிரச்சினை. அட்டை கொடுத்தால் மாமியார் கையில் சிக்கும். போன் புருஷன் சட்டைப்பையில் இருக்கும். அப்போது பெண்களே ஒரு வழி சொன்னார்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மூன்று மாதம் வரும். சில நாள் முன்னே பின்னே ஆனாலும் இந்த ஊசிக்குக் கெடுதல் இல்லை. அதிலும் தேர் நாள்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. வத்திராயிருப்பிலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் யார் கிளம்பினாலும் அன்றைக்கு எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தேர் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான்.

எங்கள் காலாண்டு அப்படி ஓடியது. நிதி கொடுத்தவர்களின் காலாண்டு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஓடியது. இரண்டும் வேறு வேறு தண்டவாளம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது மாரீஸ்வரியைச் சொல்கிறேன். வன்னியம்பட்டிக்காரி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலை. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கெட்ட மனுஷன் இல்லை, அம்மா சொல்லைத் தட்டத் தெரியாதவர். மூன்று பெண் பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், இன்னொன்றைத் தாங்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாமியாருக்கோ ஆண் பிள்ளை வேண்டும், குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. மாரீஸ்வரி யாருக்கும் சொல்லாமல் எங்கள் மாடி ஏறினாள். அந்த ஊசிதான் அவளுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் இருந்த ஒரே தடுப்பு.

திட்டம் ஜூன் முப்பதோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். சித்திரை ஊசி போட்டு அனுப்பும்போது ஒவ்வொருத்தியிடமும், "தேருக்கு வந்துருங்க" என்று சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். ஏனென்றால் நீட்டிப்புக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். இந்தத் துறையில் "வந்துகொண்டே இருக்கிறது" என்றால் என்ன அர்த்தம் என்பதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்.

கடிதம் வரவில்லை. ஜூலை முதல் வாரத்தில் போர்டைக் கழற்றினோம். அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் ராஜபாளையத்தில் வீட்டில் இருந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துக்கொடுத்ததற்காகப் பாராட்டி ஒரு மின்னஞ்சல்கூட வந்தது.

தேர் அன்றைக்கு வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கூட்டத்தில் ஒதுங்கி அந்த வளையல் கடைப் பக்கம் திரும்பினால், மாடிப்படியில் வரிசையாகப் பெண்கள். மேலே பூட்டு தொங்குகிறது. பூட்டைப் பார்த்த பிறகும் யாரும் போகவில்லை. எங்கள் ஆள் யாராவது தாமதமாக வருவார்கள் என்று காத்திருந்தார்கள். மாரீஸ்வரி கடைசிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "தேர்க் கூட்டத்துல மாட்டிக்கிட்டீகளாக்கா? சாவி உங்ககிட்டதான இருக்கு?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். திட்டம் முடிந்துவிட்டது, இனி வரமாட்டோம், வாருங்கள், இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நான் சொன்னது இதுதான்: "சின்னச் சிக்கல். அடுத்த மாசம் தெறந்துருவோம். அவசரம்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க." சிலர் புரிந்துகொண்டு வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். மாரீஸ்வரி நான் அடுத்த மாசம் என்றதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த ஊசித் திட்டம் வந்தது. நிதி கொடுத்தவர்கள் வேறு, சென்னை அலுவலகம் வேறு, மேலாளர் வேறு. அதே ஊர், அதே மாடி அறை, அதே ஊசி, அதே நான். ஆகஸ்டில் ஆரம்பித்து அடுத்த ஜூனில் முடிகிற பதினோரு மாதத் திட்டம். ஒரு தேர் முடிந்த பிறகு நுழைந்து அடுத்த தேருக்கு முன்னால் வெளியேறுகிற மாதிரி அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். வன்னியம்பட்டியில் முதல் வீட்டுச் சந்திப்புக்குப் போனபோது மாரீஸ்வரி வாசலில் குழாயடிப் பக்கம் நின்றிருந்தாள். பாதி ஆளாக இருந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை, நாலாவது பெண்.

மாமியார் கடைக்குப் போயிருந்தார். மாரீஸ்வரி என்னைத் திண்டாட விடாமல் அவளே சொன்னாள். தீபாவளிக்கு வருவோம் என்று இருந்தாளாம். பொங்கலுக்கு வருவோம் என்று இருந்தாளாம். சித்திரை வந்தபோது மூன்று மாதம் முழுகாமல் இருந்திருக்கிறாள். பிரசவத்தில் மறுபடி ரத்தம் போய், ஏழு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்ததே பெரிசு என்றார்களாம். இப்போது எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை, மில் வேலை போய்விட்டது. ஆபரேஷனுக்கு இப்போதும் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. நாலும் பெண்ணாகிப் போனதால் மாமியாருக்கு அவசரம் இன்னும் கூடியிருந்தது.

"நீங்க வருவீகன்னு இருந்தேன்க்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "இந்தத் தடவ எம்புட்டு நாளைக்கு வந்திருக்கீக?"

பதினோரு மாதம் என்றேன். அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். "தீபாவளி, பொங்கல், சித்திர. அடுத்த தேருக்கு இருக்க மாட்டீக." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இப்பப் போடுங்க, வாரேன். ஆனா நீங்க போறதுக்கு முன்னாடி, பொறவு எங்க போகணும்னு காட்டிட்டுப் போகணும். வாயால சொல்லப்படாது, கூட்டிட்டுப் போயிக் காட்டணும்."

என் வேலைக்காலத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கும். குழாயடியில் கேட்ட அந்த நிபந்தனை அளவுக்கு எதுவும் எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், உங்களுக்கும் வரும் என்பதால் சொல்கிறேன். பொங்கல் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். நல்ல மனுஷர். பெண்களோடு படம் வேண்டும் என்றார், அறிக்கையின் அட்டைக்கு. ஒளித்து மறைத்து மாடி ஏறும் பெண்களை அட்டையில் போட வேண்டுமாம். முடியாது என்றேன். மேலாளர் என் காலை மிதித்தார். பெண்களை உள் அறைக்கு அனுப்பிவிட்டு, படிக்கட்டில் கழற்றிக் கிடந்த பன்னிரண்டு ஜோடிச் செருப்புகளைக் காட்டி, வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டு போனார். அட்டையில் வந்தது. பரிசுகூட வாங்கியதாகக் கேள்வி.

மார்ச்சில் ஆய்வுக் கூட்டம். மேலாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதையானவர், பாவம், அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நம்மிடம் தொடர்ந்து வரும் பெண்கள் எழுபத்து மூன்று பேர். இலக்குக்கு இன்னும் நூற்றைம்பது பேர் வேண்டும்.

"மேடம், இன்னும் மூணு மாசம் முழுசா இருக்கு. கேம்ப் போட்டு புதுசாச் சேர்த்துட்டோம்னா டார்கெட் முடிஞ்சிரும். அடுத்த கிராண்ட் நமக்குத்தான்."

"சேத்துட்டு, ரெண்டாவது ஊசிய யாரு போடுவா?"

"அரசாங்கம் இருக்கே மேடம். லிங்க் பண்ணிரலாம்."

"அப்ப மொதல் ஊசியவும் அவங்களே போடட்டுமே. நடுவுல நாம எதுக்கு?"

நான் எழுந்து நின்று சொன்னேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிதாக ஒருத்தியைக்கூடச் சேர்க்கமாட்டேன். இருக்கிற எழுபத்து மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சித்திரை ஊசியை அங்கே போட வைத்து, அந்த இடம் அவர்களுக்குப் பழகும் வரைக்கும் பக்கத்தில் இருப்பேன். மூன்று மாதத்துக்கும் அதுதான் என் வேலை.

"அது நம்ம ப்ரபோசல்ல இல்லையே மேடம்" என்றார் மேலாளர்.

"இல்லதான். இருந்திருக்கணும்."

நான் இதை வீரமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த அறையில் என் களப்பணியாளர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நிதி வந்தால்தான் அவர்களுக்கு வேலை. கூட்டம் முடிந்ததும் செல்வி என்னை மறித்தாள். ஆறு பேரில் நல்ல வேலைக்காரி அவள்தான். "நீங்க இன்னும் ஒரு வருசத்துல ரிட்டயர்டு ஆயிருவீகக்கா. நாங்க எங்க போவோம்? எம் பொண்ணு காலேஜ் மொத வருசம்" என்றாள். மாரீஸ்வரி ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்ததைச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது. என் முடிவும் நியாயமானது. இரண்டு நியாயத்தையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸை முதன்முதலாகப் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவரைப் போய்ப் பார்க்காததே பெரிய தப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க வருவீங்க, போர்டு மாட்டுவீங்க, நாங்க ரகசியம் காக்கமாட்டோம்னு பேசிப் பேசி ஆள்களக் கூட்டிட்டுப் போவீங்க. பொறவு ஒரு நாள் பூட்டிட்டுப் போயிருவீங்க. அன்னைக்கு ராத்திரியில வலின்னு வந்தா யாரு எந்திரிச்சுப் பாக்கா? நான் எங்கயும் போகல மேடம். இங்கனயேதான் இருக்கேன்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. ரகசியம் காக்கமாட்டார்கள் என்று நாங்கள் நேராகச் சொன்னதில்லை. பெண்கள் சொன்னபோது மறுக்காமல் தலையாட்டினோம், அவர்கள் எங்களிடம் வருவது எங்களுக்கு வசதியாக இருந்தது. அதை அவரிடம் ஒத்துக்கொண்டேன். எழுபத்து மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். தேர், தீபாவளி, பொங்கல், சித்திரை முறையைச் சொன்னேன். அதைக் கேட்டதும் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"செவ்வாய்க்கிழம கர்ப்பிணிங்க நாளு. அன்னைக்கு வந்தா ஊரே பாக்கும்" என்று யோசித்தார். "புதன்கிழம பிள்ளைங்க தடுப்பூசி நாளு. கையில ஒரு பிள்ளையோட வந்தா யாரு என்னன்னு கேப்பா? சொந்தப் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ. தேர் முடிஞ்ச மொத புதன், தீபாவளி முடிஞ்ச மொத புதன். அப்படியே வச்சிக்கிரலாம். பின்பக்க ரூமுல நானே போட்டுவிடுதேன். எம் வாய விட்டு ஒரு வார்த்த வெளிய போகாது."

வளையல் கடையை விட நல்ல மறைப்பை அந்த அம்மாள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். நாங்கள் இரண்டு திட்டத்திலும் மாடி வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் எழுபத்து மூன்று பேரையும் கூட்டிப்போனேன். பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், சில நாள் நடந்து. மாரீஸ்வரியைத்தான் முதலில் கூட்டிப்போனேன். வாசலில் கால் வைக்க அவளுக்குத் தயக்கம். நர்ஸ் அவளைப் பார்த்ததும் பெயரைக் கேட்காமல் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார். "தடுப்பூசிதான? வாங்க உள்ள" என்று கூடத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் மாரீஸ்வரி குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "எடம் பரவால்ல" என்றாள்.

ஜூன் முப்பது வந்தது. திட்டம் முடிந்தது. இறுதி அறிக்கையில் எங்கள் வட்டாரத்துக்கு நேராக "இலக்கை எட்டவில்லை" என்று எழுதினார்கள். அடுத்த நிதி வேறு மாவட்டத்துக்குப் போனது. என் நடத்தை பற்றி எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது, வேலையே முடிந்த பிறகு. அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாராட்டு மின்னஞ்சலை எப்போதோ அழித்துவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு மார்ச் மாதம் வரும். சுவரில் வரைபடம் காட்டுவார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று தெரிந்தே புதிய பெண்களைச் சேர்க்கச் சொல்வார்கள். முடியாது என்று சொல்லுங்கள். உட்கார்ந்து சொல்லக் கஷ்டமாக இருந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். யார் இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். என்னை இனி யாரும் எதுவும் செய்ய முடியாது, எனக்குத் திட்டம் முடியும் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டில் ஒரு பெண் "எம்புட்டு நாளைக்கு வந்திருக்கீக" என்று கேட்பதற்கு முன்னால் நீங்களே அந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஊசியை வெளியே எடுக்காதீர்கள்.

அந்த வருஷத் தேர் முடிந்த முதல் புதன்கிழமை, சம்பளம் இல்லை, அடையாள அட்டை இல்லை, காலை எட்டரைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கையில் பிள்ளை, முகத்தில் ஒன்றுமே நடக்காத பாவனை. என்னைக் கண்டும் காணாததுபோல் உள்ளே போனார்கள். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. மாரீஸ்வரி வரவில்லை.

பன்னிரண்டும் ஆனது. மாமியாருக்குத் தெரிந்துவிட்டதா? அவளே மறுபடி யாரையாவது நம்பிக்கொண்டு காத்திருக்கிறாளா? அந்த மாடிப்படியும் மூன்றாவது படியில் அவள் உட்கார்ந்திருந்ததும் கண் முன்னால் வந்தது. வன்னியம்பட்டிக்கே போய்விடலாம் என்று எழுந்தேன். போகும் முன் பின்பக்க அறைக் கதவைத் தட்டி நர்ஸிடம் கேட்டேன்.

அவர் ஊசியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாரீஸ்வரியா? அவுக போன புதனே வந்து போட்டுட்டுப் போயாச்சு. தேர் முடிஞ்சா கூட்டமா இருக்கும், வெரசாப் போட்டா ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டாக. ஆகாதுன்னேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணையும் புதுசாக் கூட்டியாந்தாக."

வன்னியம்பட்டி பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறையைத் திரும்பப் பையில் போட்டேன்.

"உங்களுக்கு ஒரு தாக்கல் சொல்லச் சொன்னாக" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. "அந்த அக்கா கட்டாயம் வந்து பெஞ்சுல உக்காந்திருப்பாக, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகச் சொல்லுங்க சிஸ்டர்னு சொன்னாக."